நீ சொல்லாத நன்றி

என் பிரியமுள்ள மாப்பிள்ளை அருளப்பனுக்கு,

நீ உயிரோடு இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. உன் ரங்கத் பக்கத்திலிருந்து வரும் போட்டில் யாராவது ஒருவர் வந்து இறங்கி, "அருளப்பன் நல்லா இருக்கான், அடுத்த போட்ல வருவான்" என்று கடை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார். அதுவே நமக்குப் போதுமாக இருந்தது. இப்போது எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதவில்லை. நாலு பேர் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில் வீட்டுச் சேதி. உன் பிலோமி நிலத்தை விட்டு வர மாட்டேன் என்கிறாள். போர்ட் பிளேயருக்கு வந்துவிடு, கடைக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது என்று கூப்பிட்டுப் பார்த்தேன். "உன் பேப்பர் கட்டுக்கு நடுவுல நான் எங்க படுக்க?" என்று கேட்டுவிட்டாள். உன் மகள் லில்லி உயரமாகிவிட்டாள். பக்கத்து வங்காளிப் பிள்ளைகளோடு ஹிந்தியில்தான் சண்டை போடுகிறாள், கோபம் முற்றினால் மட்டும் தமிழுக்கு வருகிறாள். உன் எருமை கிடேரிக் கன்று போட்டிருக்கிறது.

இனி என் சேதி. அதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

படிக்கிறவர்களுக்கு நம்மைத் தெரியாது. நீயும் நானும் தூத்துக்குடிப் பக்கத்து ஒரே கடற்கரையிலிருந்து ஒரே கப்பலில் இந்தத் தீவுக்கு வந்தவர்கள். கப்பலில் நான் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தேன், நீ என் பங்குச் சோற்றையும் சேர்த்துத் தின்றுகொண்டே வந்தாய். நீ மஸ்தூராக, கூலியாளாகக் காட்டில் மரம் தள்ளப் போனாய், பிறகு ரங்கத்துக்குத் தள்ளி ஒரு குடியிருப்பில் நிலம் வாங்கி விவசாயி ஆனாய். நான் போர்ட் பிளேயர் அபர்தீன் பஜாரில், மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் பத்திரிகைகளை விற்கிற கடை போட்டேன். என் தங்கை பிலோமினாவை உனக்குக் கட்டிக்கொடுத்தேன். அதற்கு முன்னாலும் நீ என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவாய். உரிமை அப்புறம்தான் வந்தது.

பத்திரிகை விற்கிறவனுக்குப் பத்திரிகையில் எழுத ஆசை வந்துவிட்டது. வேறென்ன சொல்ல. அடுக்குகிற கையில் மை ஒட்டிக்கொண்டது, அது புத்திக்கும் ஏறிவிட்டது. சென்னையில் ஒரு நாளிதழுக்குத் தீவுச் செய்தி எழுதி அனுப்ப ஆரம்பித்தேன். என் செய்திக்கு மேலே "நமது நிருபர்" என்று ஒரு தரமாவது வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. கடை ஓய்ந்த நேரத்தில் விற்காத பத்திரிகைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, நல்ல வாக்கியம் என்று பட்டதையெல்லாம் பார்த்து எழுதிப் பழகினேன். "விழா இனிதே நடந்தேறியது." "கரகோஷம் விண்ணைப் பிளந்தது." "நா தழுதழுக்க நன்றி கூறினார்." இவையெல்லாம் கைவந்துவிட்டால் எழுத்து வந்துவிட்டது என்று நம்பினேன் மாப்பிள்ளை. ஒரு கூட்டத்துக்குப் போகும்போதே இந்த வாக்கியங்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவேன். அங்கே போய் எதற்கு எது பொருந்தும் என்று பார்ப்பேனே தவிர, என்ன நடக்கிறது என்று பார்க்க மாட்டேன்.

நீ ஒரு முறை கடையில் உட்கார்ந்து என் கையெழுத்துப் பிரதியைப் படித்தாய். படித்துவிட்டு முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டாய்.

"மச்சான், எல்லாக் கூட்டத்துலயும் கரகோஷம் விண்ணைப் பிளக்குதே. போன வாரம் ரங்கத்துல நானும்தான் கை தட்டினேன். பக்கத்துல நின்ன கொக்குகூடப் பறக்கல."

எனக்குக் கோபம் வந்தது. மரம் வெட்டுகிறவனுக்கு எழுத்தைப் பற்றி என்ன தெரியும் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். நீ சிரித்துவிட்டு டீ வாங்கப் போனாய். அன்றைக்கு டீக்கு நீதான் கொடுத்தாய் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

நான் அனுப்பியதில் பாதி வராது. வந்ததிலும் பாதியை வெட்டிவிடுவார்கள். ஆசிரியர் குழுவில் ஒருவர் மட்டும் எனக்கு அவ்வப்போது கார்டு போடுவார். நல்ல மனிதர், முகம் தெரியாது. ஒரு கார்டில், "செய்தி ஊசிப்போய் வருகிறது. நடந்த கையோடு அனுப்பவும்" என்று எழுதினார். இன்னொன்றில், "உங்கள் செய்தியில் ஆட்களே இல்லை. உள்ளூர்க்காரர் ஒருவர் என்ன சொன்னார் என்று ஒரு வரியாவது இருந்தால் செய்திக்கு உயிர் வரும்" என்று எழுதினார். இரண்டுமே பொன்னான யோசனைகள். இரண்டையும் நான் எப்படிக் கடைப்பிடித்தேன் என்பதுதான் என் வெட்கக்கேடு.

இந்தத் தீவில் செய்தி எழுதுகிறவனுக்குக் கப்பல்தான் நேரம் குறிக்கிறது. இன்று கப்பல் போய்விட்டால் அடுத்தது எப்போது என்று துறைமுகத்துக்காரர்களே யோசித்துத்தான் சொல்வார்கள். கப்பல் காலையில் கிளம்புகிறது, விழா மாலையில் நடக்கிறது என்றால், அந்த விழா மெயின்லேண்டுக்குப் போய்ச் சேரும்போது கிழடு தட்டியிருக்கும். அதனால் இங்கே ஒரு வழக்கம் இருந்தது. நான் மட்டும் செய்யவில்லை, எனக்கு முன்னால் எழுதியவர்களும் செய்ததுதான். நாளைக்கு நடக்கப்போகிற விழாவை இன்றைக்கே "நடந்தது" என்று எழுதிக் கப்பலில் ஏற்றிவிடுவோம். பள்ளிக்கூட ஆண்டு விழாவை அப்படி எழுதினேன், நடந்தது. மாதா கோயில் திருநாளை எழுதினேன், மழையிலும் தேர் வந்தது. அச்சில் வரும்போது எல்லாம் உண்மையாகியிருக்கும். யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் உங்கள் குடியிருப்புக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தார்கள். திறப்பு விழாவுக்குப் போர்ட் பிளேயரிலிருந்து பெரிய பொறியாளர் வருகிறார், குடியேறிய குடும்பங்கள் சார்பில் நீ பேசப்போகிறாய் என்று தெரிந்தது. நீ பாக்கு மூட்டையோடு கடைக்கு வந்தாய். புதுச் சட்டைத்துணி வாங்கினாய். பேசுவதற்குச் சட்டையா என்று நான் கிண்டல் செய்தேன்.

"என்னடா பேசப்போறே?" என்று கேட்டேன்.

"வந்து கேளுங்க மச்சான்."

"இப்பவே சொன்னா பேப்பருக்கு எழுதிடுவேன்ல? நாளன்னிக்குக் கப்பல்."

"அதான் சொல்ல மாட்டேன். ஒரு தடவையாவது நேர்ல வந்து எழுதுங்களேன். பிலோமி கருவாட்டுக் குழம்பு வைப்பா."

வருகிறேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கப்பலில் வந்த பத்திரிகைக் கட்டைப் பிரிக்க வேண்டும், கடையை யார் பார்ப்பது என்று ஏதோ முனகினேன். நீ அடுத்த போட்டுக்குக் கிளம்பிப் போனாய்.

கப்பல் கிளம்புகிற காலையில் நான் கப்பல் நிற்கிற சாத்தம் ஜெட்டியில் ஒரு மரக்கட்டை மேல் உட்கார்ந்து உங்கள் விழாவை எழுதினேன். பக்கத்து மர மில்லில் ரம்பம் கத்திக்கொண்டிருந்தது. விழா மறுநாள் மாலை. பொறியாளர் வந்தார், கிணற்றைத் திறந்தார் என்பது சுலபமாக வந்துவிட்டது. பிறகு கார்டில் எழுதியது நினைவுக்கு வந்தது. உள்ளூர்க்காரர் ஒருவர் ஒரு வரி பேச வேண்டும். நீதான் எப்படியும் பேசப்போகிறாயே. உன் வாயில் என் வாக்கியத்தைப் போட்டேன்.

அதை இங்கே அப்படியே எழுதுகிறேன். எழுதத்தான் வேண்டும். "குடியேறிய மக்கள் சார்பில் பேசிய திரு. அருளப்பன், இக்கிணற்றின் நீர் தேனென இனிக்கிறது, எங்கள் தண்ணீர்க் குறை இன்றோடு தீர்ந்தது என்று நா தழுதழுக்க நன்றி கூறினார்."

எழுதி முடித்து இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தேன். எனக்கே சிலிர்த்தது. இதுவரை நான் எழுதியதிலேயே உயிருள்ள செய்தி இதுதான் என்று தோன்றியது. உறையை ஒட்டிக் கப்பலில் போகிற ஒரு தெரிந்தவரிடம் கொடுத்தேன்.

கப்பல் போன மறுநாள் போலீஸ் வயர்லெஸ்ஸில் சேதி வந்தது. இரண்டு நாளாகக் காய்ச்சல், விழாவுக்கு இருக்கிறது என்று படுக்காமல் திரிந்திருக்கிறாய். விழா அன்று காலையில் உன்னைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ரங்கத்துக்கு நடந்திருக்கிறார்கள். பாதி வழியில் நீ போய்விட்டாய்.

நான் போட் பிடித்து வந்து சேர்ந்தபோது உனக்குப் பெட்டி செய்து முடித்திருந்தார்கள். புதுச் சட்டையைப் போட்டுவிட்டிருந்தாள் பிலோமி. பொத்தான் தைக்க நேரம் இல்லை, ஊக்குக் குத்தியிருந்தது. பொறியாளர் முந்தின நாள் மாலை வந்தாராம். சாவு வீட்டைப் பார்த்துவிட்டு, கூட்டம் வேண்டாம் என்று சொல்லி, ரிப்பனை வெட்டி ஒரு வாளி இறைத்துவிட்டுத் திரும்பிவிட்டாராம். யாரும் பேசவில்லை. கை தட்டவும் இல்லை.

உன்னை மண்ணில் வைத்துவிட்டுப் போர்ட் பிளேயர் திரும்பினேன். இனி நான் சொல்லப்போவது யாருக்கும் தெரியாது. பிலோமிக்கே இந்த வாரம்தான் தெரியும்.

திரும்பிய அன்று கப்பல் இன்னும் கடலில்தான் இருந்தது. ஒரு தந்தி கொடுத்திருந்தால் போதும், கிணற்றுச் செய்தியைப் போட வேண்டாம் என்று. துக்கத்தில் மறந்துவிட்டேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நான் மறக்கவே இல்லை. தந்தி ஆபீஸ் வரைக்கும் போனேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "மெட்ராஸுக்கா?" என்றுகூடக் கேட்டார். தந்தி போனால் நான் நடக்காத விழாவை எழுதியது சென்னையில் தெரிந்துவிடும், கார்டு போடுகிற மனிதர் இனிமேல் கார்டு போட மாட்டார் என்று அந்த நேரத்தில் கணக்குப் போட்டேன். இல்லை, ஸ்டாம்புக்கு வந்தேன் என்று சொல்லி ஒரு ஸ்டாம்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உன்னைப் புதைத்த மண் என் செருப்பில் ஒட்டியிருந்தது மாப்பிள்ளை. அந்தச் செருப்போடுதான் போய் நின்றேன்.

கிறிஸ்துமஸ் கப்பலில் பத்திரிகைக் கட்டு வந்தது. கயிற்றை அறுத்துப் புரட்டினேன். உள்பக்கத்தில் கட்டம் கட்டி வந்திருந்தது. ஒரு வார்த்தை வெட்டவில்லை. மேலே, "நமது நிருபர்."

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். சொல்லாவிட்டால் இந்தக் கடிதமும் பழைய எழுத்தாகிவிடும். எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. நெஞ்சு நிமிர்ந்தது. யாரிடம் காட்டலாம் என்று தெருவை எட்டிப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் உள்ளே இருக்கிற பெயர் கண்ணில் பட்டது. நீ அதில் உயிரோடு நின்று நன்றி சொல்லிக்கொண்டிருந்தாய்.

அன்றைக்குப் பேப்பர் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், கட்டு கப்பலில் நனைந்துவிட்டது என்று சொன்னேன். ஒரு பிரதிகூட விற்கவில்லை. அடுப்பில் போட்டேன். ஒருவர் தொடர்கதை படிக்க வேண்டும் என்று ஈரத்தோடாவது கொடு என்று கெஞ்சினார். இல்லை என்று துரத்திவிட்டேன். என் கடைக்கு வராத பிரதிகளும் தபாலில் ஆபீஸ்களுக்கு வரும் என்பது பத்திரிகை விற்கிற எனக்கே தோன்றவில்லை பார்.

மழை விட்டது. தை கழிந்து மாசி வந்தது. உங்கள் கிணறு உப்புக் கரிக்க ஆரம்பித்துவிட்டது. பிலோமியும் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணன் நித்தாய் தாதாவும் எல்லாக் குடும்பமும் கையெழுத்துப் போட்ட மனுவை எடுத்துக்கொண்டு போர்ட் பிளேயர் வந்தார்கள். மேட்டில் இன்னொரு கிணறு வேண்டும் என்று கேட்கத்தான். என்னிடம் வராமல் நேரே பொறியாளர் ஆபீஸுக்குப் போயிருக்கிறார்கள். கிணற்றைத் திறக்க வந்தவர் மாற்றலாகிப் போய், அங்கே இப்போது புதியவர் இருக்கிறார். திரும்பி வரும்போதுதான் கடைக்கு வந்தாள். ஆபீஸில் வாங்கி வந்த, பத்திரிகையிலிருந்து வெட்டிய துண்டு ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

"அண்ணே, இதை நல்லாப் படிச்சுச் சொல்லு. நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், தப்பாப் படிச்சிருப்பேன்."

எந்தத் துண்டு என்று பார்த்ததுமே தெரிந்தது.

"அந்த சாப் மனுவைக் கையில வாங்கவே இல்லண்ணே. 'பேப்பர்ல மீட்டா பானின்னு, நல்ல தண்ணின்னு போட்டிருக்கு, உங்க ஆளே குறை தீர்ந்துச்சுன்னு சொல்லியிருக்கான், ரெண்டு மாசத்துல என்ன ஆச்சு'ன்னு கேக்குறான். அவரு செத்துப்போயிட்டாரு சாப், பேசவே இல்லன்னு நித்தாய் தாதா சொல்றாரு. அப்ப பேப்பர்ல எழுதினவன் பைத்தியமான்னு சிரிக்கிறான். யாருண்ணே எழுதினது?"

"நான்தான்" என்றேன்.

அவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நித்தாய் தாதா, "பானி தோ, பானி தோ" என்று குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். குடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"நீ ஏன் அவரை அப்படிப் பேச வச்சே? அவரு பேசுறதா இருந்தது வேற."

"உனக்குத் தெரியுமா?"

"ஒரு வாரமா எருமைகிட்டயும் எங்கிட்டயும் மாத்தி மாத்திப் பேசிப் பாத்தாரு. லில்லிக்கே மனப்பாடம். உனக்கு மட்டும்தான் தெரியாது."

அவள் சொன்னாள். எனக்கு என்ன தோன்றியதோ, பென்சிலை எடுத்து அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நடுவில் என் வாக்கியம் எதையும் செருகவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருவர் பேசப் பேச அதை அப்படியே எழுதியது அதுதான் முதல் தடவை. எழுதி முடித்தபோது எனக்குத் தலை நிமிரவில்லை.

அதை இங்கே போடுகிறேன். உன் பேச்சு இது. தப்பு இருந்தால் பிலோமி மேலே சொல்லாதே, என் மேலே சொல்.

"சாப், கிணறு வெட்டிக் குடுத்தீங்க, சந்தோஷம். இப்ப மழை முடிஞ்ச சமயம், தண்ணி நல்லாத்தான் இருக்கும். குடிச்சுப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போயிடாதீங்க. கழி ஓரமா வெட்டியிருக்கு, கடல் ஏறினா கழியில உப்புத்தண்ணி ஏறும், வெயில் வந்தா கிணத்துலயும் ஏறும். வெட்டும்போதே சொன்னோம், யாரும் கேக்கல. மாசி மாசம் ஒரு தடவை வாங்க. என் வீட்டுல ஒரு டம்ளர் குடிங்க. மேட்டுல ஒரு கிணறு வேணும். தோண்டுறதுக்கு நாங்க வர்றோம், கூலி கேக்க மாட்டோம். பாறைக்கு வெடி மட்டும் நீங்க குடுங்க."

"அப்புறம்?" என்று கேட்டேன். "நன்றி சொல்லலையா?"

"அந்த இடத்துல நான் சொன்னேன், நன்றி சொல்லுங்க, பெரிய மனுஷங்க வர்றாங்கன்னு. அதை மேட்டுக் கிணத்துல தண்ணி வந்த பிறகு சொல்லிக்கிறேன்னுட்டாரு."

மறுநாள் காலையில் அவளோடு நானும் பொறியாளர் ஆபீஸுக்குப் போனேன். அந்தச் செய்தி பொய், விழாவுக்கு முன்னாலேயே எழுதியது, நான்தான் எழுதினேன் என்று ஹிந்தியில் சொன்னேன். என் ஹிந்தி உனக்குத் தெரியும். பஜாரில் பேரம் பேசப் போதும், பாவசங்கீர்த்தனத்துக்குப் போதாது. பாதியில் மாட்டிக்கொண்டேன். அங்கே வேலை பார்க்கிற தமிழ்க் கிளார்க் ஒருவர் எடுத்துச் சொன்னார். பொறியாளர் கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஏதோ சொன்னார். கிளார்க் என் முகத்தைப் பார்க்காமல் தமிழில் சொன்னார்.

"பேப்பர்ல வந்தது ஃபைல்ல ஏறியாச்சாம். நீங்க சொல்றது வாய்ப்பேச்சாம். பேப்பர்ல வந்ததைப் பேப்பர்லயே மாத்திக் கொண்டாரச் சொல்றாரு. அப்ப மனுவை வாங்கிக்கிறேங்கிறாரு."

அவர் கேட்டதில் என்ன தப்பு? அச்சில் வந்ததை நம்பு என்று ஊருக்கெல்லாம் விற்றுக்கொண்டிருந்தவன் நான்தானே.

கடைக்குத் திரும்பி உடனே எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. "வருந்துகிறோம்" என்று ஆரம்பித்தால் மிச்சம் எல்லாம் பழைய தடத்திலேயே ஓடுகிறது. கிணற்று நீர் உவர்ப்பாக உள்ளதாகக் கூறப்படுகிறது என்று எழுதினேன். யார் கூறினார்? நான் குடித்தேனா? பேனாவை மூடிவிட்டுக் கடையைப் பூட்டினேன். நீ கூப்பிட்டபோது பூட்டாத கடையை, நீ இல்லாதபோது பூட்டிவிட்டு பிலோமியோடு போட் ஏறினேன்.

போட்டில் அவள் என்னோடு பேசவே இல்லை. இறங்கி நடக்கும்போதும் நித்தாய் தாதாவோடுதான் பேசிக்கொண்டு போனாள். வீட்டுக்குப் போனதும் கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து, டம்ளரில் ஊற்றி என் முன்னால் வைத்தாள். நீ மாசியில் வந்து குடிக்கச் சொன்ன டம்ளர் அது. கூப்பிட்டது பொறியாளரை. வந்தது நான்.

குடித்தேன். முதல் வாய் நாக்கின் ஓரத்தில் கரித்தது, இரண்டாவது வாயில் குமட்டியது. மிச்சம் வைக்கக் கூடாது என்று முழுவதும் குடித்தேன்.

"கைசா லகா, பேப்பர் பாபு?" என்றார் நித்தாய் தாதா. எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். கேலியாகக் கேட்டாரா, பாவப்பட்டுக் கேட்டாரா தெரியவில்லை. அவருடைய மனைவிதான் அதற்குப் பதில் சொன்னாள். "ஒரு டம்ளருக்கே மூஞ்சி இப்படிப் போகுது. நாங்க பருப்பு வேக வைக்கணும்" என்று அவர்கள் பேசுகிற ஹிந்தியில் சொன்னாள்.

பிறகு வீடு வீடாகப் போனேன். கேட்டேன், கேட்டதை எழுதினேன். பெண்கள் விடியுமுன்னே எழுந்து மேட்டு ஓடைக்கு நடக்கிறார்கள், அந்த ஓடையும் வற்றிக்கொண்டு வருகிறது. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை. உன் எருமை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி நின்றது. அதையும் எழுதினேன். யாரும் நா தழுதழுக்கப் பேசவில்லை மாப்பிள்ளை. எரிச்சலாகப் பேசினார்கள். சிலர் பாதியில் வேலைக்குப் போய்விட்டார்கள். எல்லார் பேச்சும் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தது. இத்தனை வருஷமாக நான் எழுதிய கூட்டங்களில் மட்டும் எப்படி எல்லாரும் ஒரே மாதிரி பேசினார்கள்?

மாலையில் திருத்தத்தை எழுதி பிலோமிக்குப் படித்துக் காட்டினேன். உன் சாவைப் பற்றி நாலு வரி, என் மனம் எப்படி வெந்துகொண்டிருக்கிறது என்பதற்கு ஆறு வரி, கண்ணீரோடு மன்னிப்பு. அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"இதுல யாரு அழுறா?"

"நான்தான்."

"நீ அழுதா சாப் மனுவை வாங்குவானா? இன்னும் எத்தனை நாளைக்கு உன்னையே எழுதிக்கிட்டு இருப்பே? தண்ணிய எழுது. அவரு என்ன சொல்லலையோ அதை எழுது."

எழுதியதை அடித்துவிட்டேன். ஒவ்வொரு வரியாக அடிக்க அடிக்க, கடைசியில் கொஞ்சம்தான் மிஞ்சியது. என் அழுகையையெல்லாம் உனக்கு எழுதும் இந்தக் கடிதத்தில் கொட்டிக்கொள்கிறேன். கார்டு போடுகிற மனிதருக்கு இரண்டையும் ஒரே உறையில் வைத்து அனுப்புகிறேன். திருத்தத்தைக் கட்டாயம் போட வேண்டும், கடிதத்தையும் போட்டால் நல்லது என்று எழுதியிருக்கிறேன். இனி என் செய்தி எதையும் அவர் வாங்க மாட்டார். வாங்கக் கூடாதுதான். நான்கூட அவர் இடத்தில் இருந்தால் வாங்க மாட்டேன்.

நாளைக்குக் கப்பல். இந்த முறை உறைக்குள் இருப்பது எல்லாம் நடந்து முடிந்தவை.

மேட்டில் கிணறு தோண்டுகிற அன்று கடையைப் பூட்டிவிட்டு மண் சுமக்க வருவேன். இது சத்தியம். தண்ணீர் வந்தால், நீ பாக்கி வைத்துவிட்டுப் போன நன்றியை யார் சொல்வது என்று பிலோமி முடிவு செய்யட்டும். சொல்கிறவர் சொல்லி முடிக்கிறவரை நான் பக்கத்தில் நின்று கேட்பேன். அதற்குப் பிறகு எழுதுவேன். எந்தப் பேப்பரும் போடாவிட்டாலும் எழுதி லில்லி கையில் கொடுப்பேன்.

பிலோமி விட்டுவைத்த திருத்தம் இவ்வளவுதான். நீயும் ஒரு தரம் படித்துப் பார்.

"ரங்கத் அருகே திறக்கப்பட்ட குடியிருப்புக் கிணறு பற்றி இப்பத்திரிகையில் வந்த செய்தி பொய். விழாவுக்கு முன்பே அது எழுதப்பட்டது. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. நான் குடித்தேன். மக்கள் மேட்டில் வேறு கிணறு கேட்கிறார்கள். அருளப்பன் விழா அன்று காலையில் இறந்துவிட்டார். அவர் யாருக்கும் நன்றி சொல்லவில்லை."

உன் மச்சான்,
பிலோமியின் அண்ணன்,
சூசை